கழுத்து எலும்பு விலகினால்: தூக்குவது முதல் சான்றிதழ் வரை குடும்பத்தார் அறிய வேண்டியவை

நாகூரிலிருந்து காரைக்கால் வழியாகப் போகும் கடற்கரைச் சாலையில் ஒரு பைக் சறுக்கி விழுகிறது. ஐந்து நிமிடத்துக்குள் பத்துப் பேர் கூடிவிடுகிறார்கள். ஒருவர் விழுந்தவரின் தலையைத் தூக்கித் தண்ணீர் கொடுக்கிறார். இன்னொருவர் ஹெல்மெட்டைப் பிடித்து இழுக்கிறார். இரண்டு பேர் கையையும் காலையும் பிடித்துத் தூக்கி ஆட்டோவில் உட்கார வைக்கிறார்கள். இப்படி ஒரு காட்சியை நம்மில் பலரும் பார்த்திருப்போம். எல்லாரும் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் விழுந்தவரின் கழுத்து எலும்பு விலகியிருந்தால், அந்த அவசர உதவியே அவரை ஆயுள் முழுதும் படுக்கையில் தள்ளிவிடக்கூடும்.

சாலை விபத்து மட்டுமல்ல. தென்னை மரத்திலிருந்து விழுவது, கட்டட வேலையில் சாரத்திலிருந்து விழுவது, ஆழமில்லாத ஆற்றிலோ குளத்திலோ தலைகீழாகப் பாய்வது, கடல் அலை புரட்டித் தலையை மணலில் மோதுவது, தலையில் மூட்டை சுமக்கும்போது தடுமாறுவது, வயதானவர்கள் குளியலறையில் வழுக்கி விழுவது, இவை எல்லாவற்றிலும் கழுத்து எலும்பு விலகலாம், முறியலாம்.

இந்தக் கட்டுரையில் நாம் வலியுறுத்துவது மூன்று செயல்கள்: கழுத்தை அசைக்காமல் எடுப்பது, கழுத்து முழுவதையும் படம் எடுப்பது, ஒவ்வொரு கட்டத்திலும் நோயாளியின் நிலையை எழுத்தில் வாங்குவது. மூன்றாவதைத்தான் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். காரைக்கால் புதுச்சேரி ஆட்சிக்கு உட்பட்டது. சுற்றிலும் இருப்பது தமிழ்நாடு. பலத்த காயம் பட்டவர் இங்கிருந்து சுமார் 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் புதுச்சேரி ஜிப்மருக்கோ, தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, திருச்சிக்கோ போக நேரிடலாம். இரண்டு மூன்று மருத்துவமனைகள், இரண்டு அரசுகள். நேற்று அவர் எந்த விரலை அசைத்தார் என்பதை இன்று பார்க்கும் மருத்துவருக்குச் சொல்வது அந்தக் காகிதம் மட்டும்தான்.

(இது பொதுவான விளக்கம். குறிப்பிட்ட நோயாளிக்கு என்ன செய்வது என்பதை அவரைப் பார்க்கும் மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.)

கழுத்துக்குள் என்ன நடக்கிறது?

கழுத்தில் ஏழு எலும்புகள். மேலிருந்து கீழாக சி1 முதல் சி7 வரை மருத்துவர்கள் எண் கொடுத்து அழைக்கிறார்கள். ஒவ்வொரு எலும்பின் பின்பக்கமும் வலமும் இடமுமாகச் சிறு மூட்டுகள் உள்ளன. ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகள் ஒன்றன் மேல் ஒன்று படிந்திருப்பது போல இந்த மூட்டுகள் படிந்திருக்கும். தலை பலமாக முன்னால் மடங்கும்போது, மேல் எலும்பின் மூட்டு கீழ் எலும்பின் மூட்டைத் தாண்டிக் குதித்து முன்னால் போய் மாட்டிக்கொள்கிறது. இதுதான் விலகல்.

ஒரு பக்க மூட்டு மட்டும் விலகினால் மேல் எலும்பு ஏறத்தாழ கால் பங்கு முன்னால் நகரும். இரு பக்கமும் விலகினால் பாதி அளவு நகரும். எலும்புகளுக்கு நடுவே ஏறத்தாழ சுண்டுவிரல் பருமனில் தண்டுவடம் போகிறது. எலும்பு நகர நகர அதற்கான வழி குறுகி, தண்டுவடம் நசுங்குகிறது. சி5–சி6, சி6–சி7 ஆகிய இரண்டு இடங்களில்தான் இந்த விலகல் அதிகம்.

எந்த மட்டத்தில் பாதிப்பு என்பதைப் பொறுத்து உடல் இழப்பது மாறும். மூச்சு வாங்கும் உதரவிதானத்தை இயக்குவது சி3, சி4, சி5 நரம்புகள். முழங்கையை மடக்குவது சி5, மணிக்கட்டைத் தூக்குவது சி6, முழங்கையை நீட்டுவது சி7, விரல்களை மடக்குவது சி8. ஒரு மட்டம் மேலா கீழா என்பதில்தான் ஒருவர் தானே சோறு அள்ளிச் சாப்பிடுவாரா, பிறர் ஊட்ட வேண்டுமா என்பது இருக்கிறது. அதனால்தான் தூக்கும்போது ஏற்படும் சிறு அசைவும் இங்கே பெரிய விஷயம்.

எப்போது சந்தேகப்பட வேண்டும்?

விழுந்தவர் எழுந்து நடந்துவிட்டார் என்பதால் கழுத்து நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. ஒரு பக்க விலகலில் தண்டுவடம் தப்பி, கழுத்து வலியும் ஒரு கையில் மின்சாரம் பாய்வது போன்ற வலியும் மட்டும் இருக்கலாம். கீழ்க்கண்டவற்றில் ஒன்று இருந்தாலும் கழுத்துக் காயம் என்றே எண்ணிக்கொள்ள வேண்டும்:

• கழுத்தின் பின்புறம் நடுக்கோட்டில் வலி, அல்லது தொட்டால் வலி
• கை கால் மரத்துப்போதல், கூச்சம், பலக்குறைவு
• தலை ஒரு பக்கமாகத் திரும்பி நின்று நேராக வராமை
• மயக்கம், குழப்பமான பேச்சு, அல்லது போதை (இவர்களால் வலியைச் சரியாகச் சொல்ல முடியாது)
• கால் எலும்பு முறிவு போன்ற வேறு பெரிய காயம் (அந்த வலியில் கழுத்து வலி தெரியாமல் போகும்)
• வயிறு மட்டும் ஏறி இறங்கி, நெஞ்சு விரியாமல் மூச்சு விடுதல்

வயதானவர்கள் விஷயத்தில் கூடுதல் கவனம் வேண்டும். நின்ற இடத்திலிருந்து விழுந்தாலே அவர்களுக்கு இரண்டாவது கழுத்து எலும்பு முறியலாம். குழந்தைகளுக்கு எக்ஸ்ரேயில் எலும்பு சரியாகத் தெரிந்தும் தண்டுவடம் காயப்பட்டிருக்கலாம். பிள்ளை கை கூசுகிறது என்று சொன்னால் எம்.ஆர்.ஐ. தேவையா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

விழுந்த இடத்தில்

முதலில் 108-ஐ அழையுங்கள். ஒருவர் தலைமாட்டில் மண்டியிட்டு, இரு கைகளாலும் தலையை அது இருக்கும் நிலையிலேயே அசையாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். திருகி நிற்கும் கழுத்தை நேராக்க முயலக் கூடாது. முதுகு ஏற்கெனவே கூன் விழுந்து இறுகிய பெரியவர்களுக்கு இது இன்னும் முக்கியம். உட்கார வைப்பது, தலையணை வைப்பது, தண்ணீர் புகட்டுவது வேண்டாம்.

மூச்சு தடையின்றி இருந்தால் ஹெல்மெட்டை விட்டுவிடுங்கள். மூச்சுத் திணறினால் மட்டும், ஒருவர் கழுத்தையும் தாடையையும் தாங்க, மற்றவர் பக்கங்களை அகட்டி மெதுவாகக் கழற்ற வேண்டும். மயக்கத்தில் நாக்கு உள்ளே சரிந்தால், தலையைப் பின்னால் சாய்க்காமல் கீழ்த்தாடையை மட்டும் முன்னால் தள்ள வேண்டும். வாந்தி எடுத்தால் தலையை மட்டும் திருப்பாமல், மூன்று நான்கு பேர் சேர்ந்து தலை, தோள், இடுப்பு, கால் எல்லாவற்றையும் மரக்கட்டையை உருட்டுவது போல ஒரே நேரத்தில் பக்கவாட்டில் திருப்ப வேண்டும். தண்ணீரில் அடிபட்டவரை முகம் மேலே இருக்க மிதக்க விட்டு, பலகை ஒன்றை அடியில் செலுத்தித் தூக்குங்கள்.

ஆம்புலன்ஸ் வர வழியே இல்லாத இடமானால் தட்டையான பலகையோ கதவோ பயன்படும். தலையின் இருபக்கமும் சுருட்டிய துணியை அணைத்து வையுங்கள். ஆட்டோ இருக்கையில் மடக்கி உட்கார வைப்பதைவிட, ஆம்புலன்ஸுக்காகச் சில நிமிடம் காத்திருப்பது மேல்.

உதவினால் போலீஸ், கோர்ட் என்று அலைய வேண்டியிருக்குமோ என்ற பயம் பலருக்கு உண்டு. 2019-ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, நல்லெண்ணத்தில் உதவியவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயரைச் சொல்லும்படி அவரைக் கட்டாயப்படுத்த முடியாது.

இன்னொரு எச்சரிக்கை. விழுந்த பிறகு கழுத்து வலிக்கிறது என்றால் சுளுக்கு வழிப்பவரிடம் போவதும், சலூனில் கழுத்தைத் திருகி நெட்டி எடுப்பதும் நம் பக்கத்தில் இன்னும் வழக்கம். படம் எடுத்துப் பார்க்காமல் காயம்பட்ட கழுத்தில் யாரும் கை வைக்கக் கூடாது. விலகிய மூட்டு மூன்று வாரத்துக்கு மேல் அப்படியே இருந்தால் சுற்றித் தசை இறுகிவிடும். பிறகு எடை கட்டி இழுத்தால் வராது. பெரிய அறுவை தேவைப்படும்.

மருத்துவமனையில் கண்டறிவது

முதலில் மூச்சு, ரத்த ஓட்டம். கழுத்தில் தண்டுவடம் அடிபட்டால் ரத்த அழுத்தம் இறங்கும். அதோடு நாடித்துடிப்பும் மெதுவாக இருக்கும். ரத்தம் இழந்தவருக்கு நாடி வேகமாக ஓடும். இந்த வேறுபாட்டை வைத்து மருத்துவர்கள் காரணத்தைப் பிரித்தறிகிறார்கள்.

யாருக்குப் படம் தேவை என்பதற்கு இரண்டு பெரிய ஆய்வுகள் வழிகாட்டுகின்றன. 2000-ஆம் ஆண்டு வெளியான அமெரிக்க ஆய்வு 34,069 நோயாளிகளைக் கொண்டது. நடுக்கழுத்தில் வலி, நரம்புக் குறைபாடு, நினைவுத் தடுமாற்றம், போதை, கவனத்தைத் திசைதிருப்பும் வேறு காயம் ஆகிய ஐந்தும் இல்லாதவருக்கு மட்டுமே படம் தேவையில்லை என்று அது சொன்னது. 2001-இல் வந்த கனடா நெறிமுறை, வயது 65-க்கு மேல் என்பதையும், விழுந்த விதத்தையும், தலையை இருபக்கமும் 45 டிகிரி திருப்ப முடிகிறதா என்பதையும் சேர்த்துப் பார்க்கிறது. தலையைத் திருப்பிப் பார்க்கலாமா என்பதை மருத்துவர்தான் தீர்மானிப்பார். வீட்டில் யாரும் சோதித்துப் பார்க்கக் கூடாது.

அடுத்தது படம். பக்கவாட்டு எக்ஸ்ரேயில் தோள்கள் மறைப்பதால் சி6, சி7 தெரியாமல் போவது சாதாரணம். விலகல் அதிகம் நடக்கும் இடமே அதுதான். ஏழாவது கழுத்து எலும்பும் அதன் கீழே முதல் மார்பு எலும்பும் தெரியாத படத்தை வைத்து "நார்மல்" என்று முடிவு செய்ய முடியாது. தோளைக் கீழே இழுத்தோ, ஒரு கையை உயர்த்தியோ மறுபடி எடுப்பார்கள். பலத்த காயத்துக்கு இன்று முதல் தேர்வு சி.டி. ஸ்கேன். குடும்பத்தார் பணிவாக ஒரு கேள்வி கேட்கலாம்: "டாக்டர், ஏழாவது எலும்பு வரைக்கும் படத்தில் தெரியுதா?" இந்த ஒரு கேள்வி ஒருவரின் கை கால்களைக் காப்பாற்றலாம்.

தண்டுவடம் எந்த அளவு நசுங்கியிருக்கிறது, வட்டு பிதுங்கியிருக்கிறதா என்பதைக் காட்டுவது எம்.ஆர்.ஐ.

படத்தைப் போலவே முக்கியம் உடல் பரிசோதனை. உலகெங்கும் ஏஷியா அளவுகோல் என்ற முறை வழக்கத்தில் உள்ளது. இரு கைகளிலும் இரு கால்களிலும் பக்கத்துக்குப் பத்துத் தசைகளின் பலத்தை 0 முதல் 5 வரை மதிப்பிட்டு, மொத்தம் 100-க்குக் கணக்கிடுவார்கள். உடலின் ஒவ்வொரு பக்கமும் 28 இடங்களில் தொடு உணர்ச்சியும் குத்தும் உணர்ச்சியும் பார்ப்பார்கள். இறுதியில் ஏ முதல் இ வரை தரம் கொடுப்பார்கள். ஏ என்றால் முழு இழப்பு. இ என்றால் இயல்பு நிலை.

இதில் ஆசனவாய்ப் பகுதியின் உணர்ச்சியையும் இறுக்கத்தையும் பார்ப்பது ஒரு பகுதி. வெட்கம் கருதி நம் குடும்பங்கள், குறிப்பாகப் பெண்களுக்கு, இதை வேண்டாம் என்று தடுப்பதுண்டு. தடுக்காதீர்கள். அங்கே சிறிதளவு உணர்ச்சி இருந்தாலும் தண்டுவடம் முழுமையாக அறுபடவில்லை என்று பொருள். மீளும் வாய்ப்பு கூடுதல். பெண் மருத்துவர் அல்லது பெண் செவிலியர் உடனிருக்கக் கேட்பது உங்கள் உரிமை. கேட்டுப் பெறுங்கள், பரிசோதனையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

எலும்பைத் திரும்ப இடத்தில் அமர்த்துவது

சிகிச்சை இரண்டு படி. முதலில் நசுக்கத்தை நீக்கி எலும்பை இடத்துக்குக் கொண்டுவர வேண்டும். பிறகு அது மீண்டும் விலகாமல் நிலைநிறுத்த வேண்டும்.

நோயாளி விழிப்போடு இருந்து, சொல்வதைக் கேட்டுப் பதில் சொல்பவராக இருந்தால், மண்டை ஓட்டின் இருபக்கமும் ஊசிமுனை போன்ற திருகுகளைப் பதித்து, கயிறும் எடையும் கட்டி இழுப்பார்கள். சுமார் 10 பவுண்டு, அதாவது நாலரைக் கிலோவில் தொடங்கி, சிறிது சிறிதாக எடையைக் கூட்டுவார்கள். ஒவ்வொரு முறை கூட்டிய பிறகும் எக்ஸ்ரே எடுத்து, கை கால் அசைவைச் சோதிப்பார்கள். பார்க்கும் உறவினருக்கு இது கொடுமையாகத் தெரியும். ஆனால் உரிய நோயாளிக்கு விரைவாக நசுக்கத்தை நீக்கும் வழி இது. மயக்கத்தில் உள்ளவருக்கு எம்.ஆர்.ஐ. பார்க்காமல் இழுப்பதை மருத்துவர்கள் தவிர்ப்பார்கள். பிதுங்கிய வட்டுத் துண்டு தண்டுவடத்தில் அழுந்தினால் அவரால் சொல்ல முடியாது என்பதே காரணம்.

அடுத்தது அறுவை. முன்கழுத்து வழியாகப் போய், கிழிந்த வட்டை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் இடுப்பு எலும்புத் துண்டையோ செயற்கைக் கூண்டையோ வைத்து, தகடும் திருகும் போட்டு இரண்டு எலும்புகளை இணைப்பது ஒரு முறை. பின்கழுத்து வழியாகத் திருகும் கம்பியும் போடுவது இன்னொரு முறை. காரைக்கால் குடும்பங்கள் பலவற்றுக்கு உறவினர் இருக்கும் பாரிஸ் நகரில்தான், ரேமோன் ருவா-காமிய் என்ற அறுவை மருத்துவர் 1970-களில் இந்தப் பின்வழித் திருகு முறையைப் பரவலாக்கினார். சிலருக்கு இரண்டு வழியும் தேவைப்படும். முன்வழி அறுவைக்குப் பின் சில நாட்கள் விழுங்கச் சிரமமும் குரல் கரகரப்பும் இருக்கலாம்.

எவ்வளவு சீக்கிரம்? 2012-இல் வெளியான ஓர் ஆய்வில் கழுத்துத் தண்டுவடக் காயம்பட்ட 313 பேர் சேர்க்கப்பட்டனர். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, 24 மணி நேரத்துக்குள் அறுவை செய்துகொண்டவர்களில் 19.8 சதவீதம் பேர் ஏஷியா தரத்தில் இரண்டு படி அல்லது அதற்கு மேல் முன்னேறியிருந்தனர். தாமதமாகச் செய்துகொண்டவர்களில் அது 8.8 சதவீதம். "நாளைக்குப் பார்க்கலாம், வெளிநாட்டிலிருந்து மச்சான் வரட்டும்" என்று முடிவைத் தள்ளிப்போடும் குடும்பங்கள் இந்தக் கணக்கை மனதில் வைக்க வேண்டும்.

ஒரு காலத்தில் எல்லாருக்கும் அதிக அளவு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள். 2013-இல் வந்த அமெரிக்க நரம்பியல் அறுவை நிபுணர்களின் வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைக்கவில்லை. எனவே "ஏன் அந்த ஊசி போடவில்லை" என்று மருத்துவரிடம் சண்டை பிடிக்க வேண்டியதில்லை. முதல் வாரத்தில் ரத்த அழுத்தம் இறங்காமல் பார்ப்பதும், மூச்சைக் கண்காணிப்பதும்தான் உயிரைக் காப்பவை.

கையில் இருக்க வேண்டிய காகிதங்கள்

ஒரு பிளாஸ்டிக் உறை வாங்கி, முதல் நாளிலிருந்தே இவற்றைச் சேர்த்து வையுங்கள். ஒவ்வொன்றையும் ஒளிநகலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

• விழுந்த நேரம், இடம், விதம், யார் எப்படித் தூக்கினார்கள், அப்போது கை கால் அசைந்ததா: வீட்டில் ஒருவர் அன்றே எழுதி வைக்க வேண்டும்
• முதலில் போன மருத்துவமனையின் விபத்துப் பதிவேட்டு நகல் (ஏ.ஆர். காப்பி)
• சேர்த்தபோது செய்த நரம்புப் பரிசோதனைக் குறிப்பு, மணி நேரத்துடன்
• எடை கட்டி இழுப்பதற்கு முன்னும் பின்னும், அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஏஷியா மதிப்பு
• எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. படங்கள், அவற்றின் அறிக்கை, சி.டி. தட்டு
• வேறு மருத்துவமனைக்கு அனுப்பியபோது கொடுத்த கடிதம், அனுப்பிய நேரம்
• அறுவைக் குறிப்பு, உள்ளே வைத்த தகடு திருகின் ஸ்டிக்கர்
• டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்து, ஆம்புலன்ஸ், பிசியோதெரபி ரசீதுகள்

சிங்கப்பூரிலோ பிரான்சிலோ துபாயிலோ இருக்கும் உறவினர் அங்குள்ள மருத்துவரிடம் கருத்துக் கேட்க விரும்பினால், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்பும் பிலிம் படம் போதாது. ஸ்கேன் மையத்தில் சி.டி. தட்டு கேட்டு வாங்கி, அதில் உள்ள கோப்புகளை அனுப்புங்கள். தகட்டின் ஸ்டிக்கர் எதற்கு என்றால், பல ஆண்டு கழித்து எம்.ஆர்.ஐ. எடுக்க நேர்ந்தால் உள்ளே இருக்கும் உலோகம் என்ன என்று கேட்பார்கள்.

பரிசோதனைக் குறிப்பில் நேரம் இருப்பது ஏன் முக்கியம்? மாலை 6 மணிக்கு மணிக்கட்டைத் தூக்கியவர் இரவு 10 மணிக்குத் தூக்கவில்லை என்றால் உடனே ஏதாவது செய்தாக வேண்டும். 6 மணியின் நிலை எழுதப்படவில்லை என்றால், மோசமானது யாருக்கும் தெரியாமலே போகும்.

இரு அரசுகளுக்கு நடுவே: செலவும் இழப்பீடும்

கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மற்றும் முதுகெலும்பு அறுவை நிபுணர் டாக்டர் எஸ்.ராஜசேகரன், சாலை விபத்துகள் குறித்து 2012-இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடர்ந்தார். அந்த வழக்கில்தான் 2025 ஜனவரியில், விபத்தில் சிக்கியவருக்கு முதல் மணி நேரங்களில் கட்டணமில்லா சிகிச்சைத் திட்டம் கொண்டுவர மத்திய அரசுக்கு உத்தரவிடப்பட்டது. 2025 மே மாதம் அறிவிக்கப்பட்ட அத்திட்டப்படி, வாகன விபத்தில் காயம்பட்டவர் அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் விபத்து நாளிலிருந்து ஏழு நாள் வரை, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை கட்டணமின்றிச் சிகிச்சை பெறலாம். இது இந்தியா முழுதுக்கும் பொருந்தும்.

விபத்து நடந்தது நாகூர், தரங்கம்பாடி போன்ற தமிழ்நாட்டு எல்லையில் என்றால், 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தையும் கேளுங்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கான இத்திட்டத்தில், தமிழ்நாட்டு எல்லைக்குள் விபத்து நடந்திருந்தால் வெளி மாநிலத்தவருக்கும் இடமுண்டு. காரைக்கால் குடும்ப அட்டை என்பதால் தயங்க வேண்டாம்.

எல்லை எது என்ற குழப்பத்தில் புகார் தாமதமாகக் கூடாது. 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவுப்படி, சம்பவம் எங்கே நடந்திருந்தாலும் எந்தக் காவல் நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த பகுதியின் தீர்ப்பாயத்திலோ, மனுதாரர் வசிக்கும் பகுதியின் தீர்ப்பாயத்திலோ கொடுக்கலாம். ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்று மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆம் பிரிவு சொல்கிறது. நோயாளி தேறட்டும் என்று காத்திருக்காமல் வழக்கறிஞரைப் பாருங்கள்.

ஊனத்தின் சதவீதமும் வருமான இழப்பும் ஒன்றல்ல என்பதை உச்ச நீதிமன்றம் ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-இல் தெளிவாக்கியது. காயம்பட்டவர் முன்பு என்ன வேலை செய்தார், இப்போது எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்று பார்த்துத்தான் இழப்பீட்டைக் கணக்கிட வேண்டும். கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுபவருக்கும் தென்னை ஏறுபவருக்கும் ஒரே விலகல் ஒரே இழப்பைத் தராது. ஆகவே மருத்துவச் சான்றில் "கழுத்து எலும்பு விலகல்" என்று மட்டும் இருந்தால் போதாது. மூட்டை தூக்க முடியுமா, வண்டி ஓட்ட முடியுமா, விரலால் பொத்தான் போட முடியுமா என்பதும் எழுதப்பட வேண்டும்.

நிலையான பாதிப்பு இருந்தால் 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சான்றிதழும் அடையாள அட்டையும் பெறலாம். 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்குக் கூடுதல் உரிமைகள் உண்டு. ஓர் இடத்தில் பெற்ற சான்றிதழ் நாடு முழுதும் செல்லும் என்று அந்தச் சட்டமே சொல்கிறது. எனவே காரைக்காலில் வாங்கிய சான்றிதழ் தமிழ்நாட்டிலும் செல்லும்.

வீடு திரும்பிய பிறகு

கை கால் செயலிழந்தவரின் முதல் எதிரி படுக்கைப் புண். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்ற வேண்டும். பின்முதுகு, குதிகால், இடுப்பெலும்பு முனைகளைத் தினமும் பார்க்க வேண்டும். சிறுநீர்க் குழாயின் சுத்தம், நெஞ்சுச் சளியை வெளியேற்றும் பயிற்சி, மூட்டுகள் இறுகாமல் அசைத்தல் ஆகியவற்றை மருத்துவமனையிலேயே கற்றுக்கொண்டு வாருங்கள். காயத்துக்குக் கீழே வியர்க்காது என்பதால், நம் கோடை வெயிலில் உடல் எளிதில் சூடேறிவிடும். மின்விசிறியும் ஈரத்துணியும் பக்கத்தில் இருக்கட்டும்.

ஓர் ஆபத்து அறிகுறியைக் குடும்பம் முழுதும் தெரிந்து வைக்க வேண்டும். திடீரென்று கடும் தலைவலி, முகம் சிவந்து வியர்த்தல், ரத்த அழுத்தம் ஏறுதல். பெரும்பாலும் அடைபட்ட சிறுநீர்க் குழாயோ மலச்சிக்கலோ காரணம். உடனே உட்கார வைத்து, இறுக்கமான உடையைத் தளர்த்தி, குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். சரியாகவில்லை என்றால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

தொழுகை பற்றிப் பலரும் கேட்பார்கள். கழுத்துப் பட்டை போட்டிருக்கும் வாரங்களில் ருகூவுக்கும் சஜ்தாவுக்கும் குனிவது கூடாது என்று மருத்துவர் சொன்னால் அதைக் கேளுங்கள். நிற்க முடியாதவர் உட்கார்ந்தும், அதற்கும் இயலாதவர் படுத்துச் சைகையாலும் தொழ மார்க்கம் இடம் தருகிறது. சிறுநீர்க் குழாய், ஒளு, தயம்மும் பற்றிய கேள்விகளை உங்கள் பகுதி ஆலிமிடம் கேளுங்கள். எப்போது குனியலாம் என்பதை மருத்துவரிடம் கேளுங்கள்.

ஆய்க்குடி சொல்லும் செய்தி

1975-இல் பொறியியல் மாணவரான எஸ்.ராமகிருஷ்ணன், கடற்படை அதிகாரிகளுக்கான தேர்வின் இறுதிக் கட்டத்தில் விழுந்து, கழுத்தில் தண்டுவடம் காயப்பட்டு, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் அதோடு முடங்கிவிடவில்லை. 1981-இல் தென்காசிக்கு அருகே தம் ஊரான ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். தமக்கு ஊக்கம் தந்த மருத்துவரான ஏர் மார்ஷல் அமர்ஜித் சிங் சாஹலின் நினைவாக வைத்த பெயர் அது. சக்கர நாற்காலியிலிருந்தே அவர் அந்த நிறுவனத்தை வளர்த்தார். 2020-இல் அவருக்கு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது.

கழுத்து விலகிய எல்லாரும் மீண்டு நடப்பார்கள் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் வீட்டின் பின்னறையில் ஒதுக்கி வைக்கப்பட வேண்டியவர்களும் அல்லர் அவர்கள். மறுவாழ்வுப் பயிற்சியும், சக்கர நாற்காலி போகிற வாசலும், நம் குடும்பத்தின் பொறுமையும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும்.

இன்றே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் உள்ள பிள்ளைகளைக் கூப்பிட்டு, ஒருவரைத் தரையில் படுக்க வைத்து, தலையை எப்படிப் பிடிப்பது, நான்கு பேர் சேர்ந்து எப்படித் திருப்புவது என்று ஒருமுறை செய்து காட்டுங்கள். ஜமாஅத்திலும் மதரஸாவிலும் ஒரு மருத்துவரையோ 108 ஊழியரையோ அழைத்து இதைக் கற்றுத்தரச் சொல்லலாம். சாலையில் விழுந்து கிடப்பவர் யார் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். வல்ல இறைவன் நம் அனைவரையும் விபத்துகளிலிருந்து காப்பானாக.